மலிவு விலை பற்றரி நெய்ல் கன்: வாங்கலாமா, விடலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து கடையில் வந்து உட்கார்ந்த நேரம், அக்குறணைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். சீலிங், பென்றி கபட் வேலைகளைக் கொந்தராத்துக்கு எடுத்துச் செய்பவர். என்னிடம்தான் ஆணியும் பசையும் எடுப்பார். கையில் இருந்த போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வயர் இல்லாத நெய்ல் கன் ஒன்றின் விளம்பரம். இரண்டு பற்றரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்து, பேர் பெற்ற கம்பனிகளின் விலையில் பாதிகூட இல்லை.

“நானா, இதே மாதிரி ஒண்டு உங்கட கடையிலயும் இருக்குத்தானே. எடுத்தா நல்லமா?”

“சல்லிக்கு என்ன வழி தம்பி?”

“வைஃப்ட காப்பு ஒண்டு இருக்கு. அடகு வெச்சா சரி.”

அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. நான் “எடுங்க” என்றால் என் சாமான் ஒன்று போகும், ஆனால் அவர் வீட்டுக் காப்பு வட்டிக்குப் போகும். “வேணாம்” என்றால் வேறொரு கடையில் எடுத்துவிடுவார். அவரிடம் சொன்னதை விரிவாக எழுதினால் இன்னும் பலருக்குப் பிரயோசனப்படும் என்று எண்ணியே இந்த வாரம் இதை எழுதுகிறேன். நானும் இதை விற்பவன்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

முதலில் இது என்ன மெஷின்?

நெய்ல் கன் என்றால் எல்லாம் ஒன்றல்ல. நம்மூர் சோபா செட் வேலைத்தளங்களில் பல வருடங்களாக இருப்பது காற்றில் ஓடும் கன். கம்ப்ரஸரில் இருந்து குழாய் வழியாக வரும் காற்று, உள்ளே இருக்கும் தகட்டைத் தள்ளும். தகடு ஆணியை அடிக்கும். இரண்டாவது வகை காஸில் ஓடுவது. அமெரிக்காவின் பாஸ்லோட் கம்பனி 1986இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூன்றாவதுதான் இப்போது எல்லோரும் கேட்கும் பற்றரி வகை.

பற்றரி வகையிலும் உள்வேலை பலவிதம். டிவோல்ட் கம்பனியின் கன்களில் மோட்டார் ஒரு கனமான சக்கரத்தைச் சுழற்றி, அந்த வேகத்தில் தகட்டை வீசும். மில்வாக்கியின் கன்களில் மூடிய சிலிண்டருக்குள் நைதரசன் வாயுவை அமுக்கி விடுகிறார்கள். ரியோபி, மெஷினுக்குள்ளேயே சிறிய காற்று அமுக்கியை வைத்திருக்கிறது. விலை குறைந்தவற்றில் பல, கம்பிச் சுருளையோ சாதாரண காற்றுச் சிலிண்டரையோ நம்பி ஓடுபவை. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அந்த உள்வேலையிலும், ஆணியை அடிக்கும் தகட்டின் உருக்கிலும், பற்றரியிலும்தான் இருக்கிறது.

கூரைக்கு இது வேண்டாம்

மலிவு விலையில் வரும் பற்றரி கன்களில் பெரும்பாலானவை 18 கேஜ் மெல்லிய ஆணி அடிப்பவை. கடையில் எஃப் 30, எஃப் 50 என்று கேட்பீர்களே, அதுதான். எஃப் 30 என்றால் 30 மில்லிமீற்றர் நீளம். ஆணியின் தடிப்போ ஒன்றேகால் மில்லிமீற்றர்கூட வராது. ஆகக் கூடிய நீளம் 50 மில்லிமீற்றர், அதாவது 2 அங்குலம்.

இந்த ஆணியின் வேலை, பசை காயும் வரை பலகையைப் பிடித்து வைப்பது. பீடிங், சீலிங் ஓரம், கபட்டின் பின்பலகை, கதவுச் சட்டத்தின் அலங்காரப் பட்டி போன்றவற்றுக்கு இது அருமையான சாமான். தலை சிறியது, ஓட்டை தெரியாது, சுத்தியல் தழும்பும் விழாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் நமது கண்டி மாவட்டத்தைப் படுத்திய பாடு எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒருவர் வந்து, கூரைக்கு ரீப்பை அடிக்க இந்த மெஷினைக் கேட்டார். கெதியாக முடிக்க வேண்டுமாம். நான் கொடுக்கவில்லை. கூரையில் கைமரத்தையும் ரீப்பையையும் பிடித்து நிற்க வேண்டியது பசை அல்ல, ஆணிதான். காற்று மேலே தூக்கும்போது இந்த மெல்லிய ஆணி உருவிக்கொண்டு வந்துவிடும். கூரைச் சட்டத்துக்கென்று பெரிய கன் வேறாக இருக்கிறது. அதன் விலையும் வேறு. அது இல்லையென்றால் பழைய சுத்தியலும் 3 அங்குல ஆணியும் போதும்.

நம் நாட்டு மரம் வேறு

விளம்பரப் படங்களில் பெரும்பாலும் பைனஸ் போன்ற மெதுவான மரத்தில்தான் அடித்துக் காட்டுவார்கள். நம் பாஸ்மாரின் கையில் வருவது காய்ந்த பலா, தேக்கு, மகோகனி. முற்றிக் காய்ந்த பலாவில் 50 மில்லிமீற்றர் ஆணியை அடித்தால், சக்தி குறைந்த கன் ஆணித் தலையை இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே விட்டுவிடும். பிறகு சுத்தியலும் பஞ்சும் எடுத்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அப்படியென்றால் மெஷின் எதற்கு?

ஆகவே வாங்கப் போகும்போது உங்கள் வேலைத்தளத்தில் இருந்து ஒரு துண்டு பலாவும் ஒரு துண்டு மகோகனியும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் 50 ஆணியைத் தொடர்ச்சியாக அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாவது ஆணியும் ஐம்பதாவது ஆணியும் ஒரே ஆழத்தில் போகிறதா, இடையில் எத்தனை தடவை இறுகுகிறது, இறுகினால் திருகாணி கழற்றாமல் திறந்து எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அடித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். அது என் கடையாக இருந்தாலும் சரி.

வோல்ட்டில் ஏமாற வேண்டாம்

பற்றரியில் 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கூடிய எண் உள்ளதுதான் பலம் என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சங்கதி. லித்தியம் செல் ஒன்று சாதாரணமாக 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். ஐந்து செல்லைத் தொடராக வைத்தால் 18. முழுச் சார்ஜில் 21. 88 வி.எஃப்., 388 வி.எஃப். என்றெல்லாம் சில பெட்டிகளில் அச்சடித்திருப்பார்கள். அது வோல்ட் அல்ல, வெறும் எழுத்து. பார்க்க வேண்டியது ஆம்பியர் மணியைத்தான். அதிலும் பாரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். 4 ஆம்பியர் மணி என்று எழுதிய பற்றரி 2 ஆம்பியர் மணிப் பற்றரியின் பாரத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அந்தத் தம்பியிடம் கணக்குப் போட்டது

விலை டொலரோடு ஏறி இறங்குவது. 2022இல் சில வாரங்களுக்குள் ரூபா எப்படி விழுந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. எனவே இன்றைய விலையை எழுதி அடுத்த மாதம் பொய்யனாக நான் விரும்பவில்லை. கணக்குக்காக மட்டும் கன் ஒன்று 40,000 ரூபா என்றும், ஒரு பாஸின் நாட்கூலி எட்டு மணித்தியாலத்துக்கு 4,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் தொகையைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

கையால் ஓர் ஆணியைப் பிடித்து, அடித்து, தலையைப் பஞ்ச் பண்ண 30 விநாடி. கன்னால் 5 விநாடி. மிச்சம் 25 விநாடி. ஒரு நாளைக்கு 200 ஆணி என்றால் 5,000 விநாடி, அதாவது ஒரு மணி 23 நிமிடம். மணிக்கு 500 ரூபா வீதம் ஏறக்குறைய 690 ரூபா. 40,000 ரூபாவை எடுக்க 58 வேலை நாள் வேண்டும். இதில் ஆணிச் செலவைச் சேர்க்கவில்லை. பட்டியாக ஒட்டிய ஆணி, கிலோவுக்கு வாங்கும் ஆணியை விட விலை கூட.

தினமும் 200 ஆணி அடிப்பவருக்கு மூன்று மாதத்துக்குள் முதல் வந்துவிடும். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் அப்படி வேலை வருகிறவருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அதுவரை மெஷின் உயிரோடு இருக்குமா என்பதே கேள்வி. இன்னொன்று: நாட்கூலிக்கு வேலை செய்பவர் நேரத்தை மிச்சப்படுத்தினால் இலாபம் வீட்டுக்காரருக்குத்தான். கொந்தராத்துக்காரருக்குத்தான் அது சொந்தப் பைக்கு வரும்.

நான் பட்ட பாடு

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் இருந்து பேர் தெரியாத கம்பனியின் கன் பத்தை மலிவாக இறக்கினேன். கெதியாக விற்றது, சந்தோஷப்பட்டேன். மூன்று மாதத்துக்குள் இரண்டு திரும்பி வந்தன. ஒன்றில் ஆணி அடிக்கும் தகடு முனை உடைந்திருந்தது. மற்றதில் பற்றரி சார்ஜ் ஏறவில்லை. தகடு கேட்டுக் கொழும்புக்குப் பேசினால், “அந்த மொடல் இப்ப வாறதில்ல” என்றார்கள். சிறியதொரு தகடு இல்லாததால் முழு மெஷினும் குப்பை. இரண்டு பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன். நபியவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைத் தொட்ட சம்பவம் நமக்குத் தெரியாததல்ல. உள்ளே ஈரம் இருப்பது விற்பவனுக்கே தெரியாமல் இருந்தாலும், தெரிந்த பிறகு மறைக்க முடியாதே.

அன்றிலிருந்து தகடும் ஓ ரிங்கும் பற்றரியும் தனியாகக் கிடைக்காத எந்தக் கன்னையும் நான் இறக்குவதில்லை. நீங்களும் வாங்குமுன் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, “தகடு உடைஞ்சா எங்க எடுக்கலாம்?” என்பதைத்தான். பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கமும் இருக்கிறது.

கையைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக 37,000 பேர் நெய்ல் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். அதிகம் அடிபடுவது கையும் விரலும். மூக்கை மரத்தில் அழுத்திய பிறகு, ஒவ்வோர் ஆணிக்கும் விசையை விட்டு மறுபடி அழுத்த வேண்டிய வகையே பாதுகாப்பானது. விசையை அழுத்தியபடி தட்டித் தட்டிப் போகும் வகை, புதிதாகப் பிடிப்பவர்களுக்கு வேண்டாம். மெல்லிய ஆணி மரத்தின் நாரோடு வளைந்து பக்கத்தால் வெளியே வரும். பலகையைப் பிடிக்கும் கை ஆணியின் நீளத்தை விடத் தூரத்தில் இருக்கட்டும். ஆணி இறுகினால் முதலில் பற்றரியைக் கழற்றுங்கள்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

ஒரே இடத்தில் இருந்து தளபாடம், சோபா செய்பவருக்குப் பற்றரி கன் தேவையில்லை. சிறிய கம்ப்ரஸரும் காற்றுக் கன்னும் போதும். காற்றுக் கன் பாரம் குறைவு, விலை குறைவு, திருத்துவதும் சுலபம். மின்சாரம் இல்லாவிட்டால்தான் கை கட்டி இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை மறக்க முடியுமா?

வீடு வீடாகப் போய் வேலை செய்பவரின் கதை வேறு. அம்பிட்டியவிலும் ஹந்தானையிலும் மாவில்மடையிலும் வீதியில் இருந்து நூறு படி ஏறி வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. கம்ப்ரஸரைத் தோளில் வைத்து அந்தப் படியில் ஏறி, பிறகு ஏணியில் நின்று குழாயையும் இழுத்துக்கொண்டு சீலிங் அடிப்பவருக்குப் பற்றரி கன் ஓர் அருள்தான். அவர் வாங்கலாம். ஆனால் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ட்ரில்லின் பற்றரியே பொருந்தும் கம்பனியில் வாங்க வேண்டும்.

இதைத்தான் அந்தத் தம்பியிடம் கேட்டேன். “உங்கட ட்ரில் என்ன கம்பனி?” சொன்னார். நடுத்தர விலைக் கம்பனி. இரண்டு பற்றரியும் நல்ல நிலையில். அதே கம்பனியில் பற்றரியும் சார்ஜரும் இல்லாமல் வெறும் கன் மட்டும் தனியாக வருகிறது. தகடும் கிடைக்கிறது. விளம்பரத்தில் இருந்ததை விடக் கொஞ்சம்தான் கூட. என்னிடம் அது இல்லை. கண்டி டவுனில் இருக்கும் கடையைக் காட்டி அனுப்பினேன்.

“காப்ப வைக்க வேணாம் தம்பி. சீட்டு ஏதும் போடுறீங்களா?”

“ரெண்டு மாசத்துல விழும் நானா.”

“அப்ப ரெண்டு மாசம் சுத்தியலால அடிங்க.”

சிரித்துக்கொண்டு போனார். போன கிழமை, பலாப் பலகைத் துண்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி மறுபடி கடைக்கு வந்தார். சீட்டு விழுந்து, கன்னும் எடுத்தாயிற்றாம். ஐம்பது ஆணியும் தலை மட்டத்துக்கு இறங்கியிருப்பதை விரலால் தடவிக் காட்டினார். எஃப் 30 ஆணி இரண்டு பெட்டியும் பசையும் எடுத்துக்கொண்டு போனார். காப்பு அவர் வீட்டிலேயே இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.