புகைக்குழாயும் ஒரு கருவியே

புகைக்குழாயில் துளை போட்டால் மோட்டார் சைக்கிள் வேகமாகப் போகும் என்று நம் இளைஞர்கள் சிலர் நம்புகிறார்கள். சத்தம் கூடுவதால் சக்தியும் கூடியதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. இது சரிதானா? பந்தயப் படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டாரைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

இந்தப் பந்தய மோட்டார்களில் பல ‘டூ ஸ்ட்ரோக்’ வகையைச் சேர்ந்தவை. தோட்டத்தில் தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரங்கள் பலவும் இதே வகைதான். இவ்வகையில், சிலிண்டரின் சுவரிலுள்ள ஒரு வாய் வழியாகப் புகை வெளியேறுகிறது. அந்த வாயைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன்தான். வாய் திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. ஆகவே, அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு ஓடிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் வீணாகிறது.

ஓடியதைத் திருப்பி அனுப்பும் வேலையைக் குழாயின் வடிவம் செய்கிறது. பந்தயக் குழாய் முதலில் மெல்ல விரிந்து, பிறகு குறுகி, சிறிய வாலில் முடியும். புகை பீறிடும்போது குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. விரியும் பகுதியிலிருந்து அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, மிச்சப் புகையை இழுக்கிறது. குறுகும் பகுதியிலிருந்து தள்ளும் அலையாகத் திரும்பி, தப்பி வந்த கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் எதிரொலி திரும்பி வருவதைப் போன்றதே இது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால், வினாடிக்கு 100 சுற்று. வாய் திறந்திருப்பது ஏறத்தாழ பாதிச் சுற்று. அதாவது ஒரு வினாடியில் 200-இல் ஒரு பங்கு. சூடான புகையில் அலை வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஓடும். அந்தக் கண நேரத்தில் அது போய்வரக்கூடிய தூரம் இரண்டரை மீட்டர்தான். குழாயின் நீளம் மாறினால் அலை முந்தியோ பிந்தியோ வந்துவிடும். இதனால்தான், ஓடும்போதே நீட்டிக் குறுக்கக்கூடிய குழாய்கள் சில பந்தயப் படகுகளில் உண்டு.

இம்முறையைக் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் 1950-களில் சிறப்பாக வளர்த்தவர் வால்ட்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சி.சி. இயந்திரம் 25 குதிரைச் சக்தி தந்தது. பெர்லினில் கோனிக் நிறுவனம் படகுப் பந்தயத்துக்கென டூ ஸ்ட்ரோக் மோட்டார்களைச் செய்தது. அப்படிப்பட்ட ஒரு படகு இயந்திரத்தை மோட்டார் சைக்கிளில் பூட்டி ஓட்டிய நியூசிலாந்துக்காரர் கிம் நியூகோம்ப், 1973-இல் 500 சி.சி. உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்.

இவ்வளவு நுட்பமும் ஒரு சிறு கசிவினால் கெட்டுவிடும். சாதாரணப் படகு மோட்டாரில் புகை அதன் கால் வழியாக நீருக்கடியில் போகும். பந்தயத்துக்காக மேலே தனிக்குழாய் வைப்பவர்கள் பழைய வழியைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து இறுக அடைக்க வேண்டும். இணைப்பு கசிந்தால் அலை வலுவிழக்கும். மூடிக்குள் கசியும் புகையை மோட்டாரே சுவாசித்துத் திணறும். குளிர்விக்கும் நீர் புகைவழிக்குள் கசிந்து சிலிண்டரை எட்டினால் மோட்டாரே பாழாகும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. இணைப்பில் கரிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். மோட்டார் ஆறிய பிறகு, குழாயின் முனையை அடைத்து மெல்லக் காற்றைச் செலுத்தி, இணைப்பில் சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். பழைய கேஸ்கெட்டை மீண்டும் போடாதீர்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் ஆளைக் கொல்லும். மூடிய கொட்டகையில் எந்த இயந்திரத்தையும் ஓட விடாதீர்கள்.

புகைக்குழாய் வெறும் கழிவு வழியன்று. இயந்திரத்தின் ஓர் உறுப்பு. டூ ஸ்ட்ரோக் வண்டியின் குழாயில் துளை போடுகிறவன் திரும்பி வரும் அலையைக் கெடுத்துக்கொள்கிறான். சத்தம் ஊருக்குக் கேட்கும். சக்தியோ அந்தத் துளை வழியே போய்விடும்.