டாக்டர் பயிற்சியில் எல்லாருக்கும் இடம்



தானா ராத்தா மருத்துவமனையிலோ, மலையை விட்டிறங்கிப் பட்டணத்துப் பெரிய மருத்துவமனையிலோ நமக்கு வைத்தியம் பார்க்க வரும் இளம் டாக்டர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், நம்மவராகவும் இருக்கலாம். "யார் பார்த்தால் என்ன, மருந்து ஒன்றுதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. மருந்து ஒன்றுதான். ஆனால் எந்த மருந்து என்று முடிவு செய்வதற்கு முன்னால் டாக்டர் நோயாளியிடம் பேச வேண்டும். அங்கேதான் சிக்கல் வருகிறது.

நம் தாய்மார்கள் "மயக்கமாக வருகிறது" என்பார்கள். தலை சுற்றினாலும் மயக்கம்தான். நினைவு தப்பினாலும் மயக்கம்தான். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. வயதான தொழிலாளி ஒருவர் நெஞ்சை அடைத்துக்கொண்டு வலிக்கும்போது, "வாயுப் பிடிப்பு, வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிடுவார். அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். நம் பேச்சை அறிந்த டாக்டர், "வலி கைக்கு இறங்குகிறதா? வியர்த்ததா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். அறியாதவர் வாயு மாத்திரையோடு அனுப்பிவிடலாம். பலதரப்பட்ட மக்கள் வரும் மருத்துவமனையில் பலதரப்பட்ட டாக்டர்கள் பயில வேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம். அவர்கள் சேர்ந்து பயிலும்போது ஒருவர் அறிந்ததை மற்றவரும் கற்றுக்கொள்கிறார்.

வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. 1890-களில் ஒருநாள் இரவு, தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்ணிடம் மூன்று ஆடவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடாவின் தந்தை டாக்டர்தான். ஆனால் ஆண் வைத்தியர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவோ வைத்தியம் படித்தவரல்லர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகே ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை கட்டினார். தாம் ஒருவர் போதாது என்று கண்டு, 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்று புகழ்பெற்று விளங்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதுதான். 1947 முதல் அங்கே ஆண்களும் சேர்ந்து படிக்கிறார்கள்.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் டாக்டர் என்றால் வெள்ளைக்காரர்தான். 1904-இல் டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் முன்னின்று, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார். மக்களிடம் 87,077 வெள்ளி திரட்டப்பட்டது. 1905 ஜூலையில் சிங்கப்பூரில் 23 மாணவர்களோடு பள்ளி திறக்கப்பட்டது. அதன் பட்டயத்தை 1916-இல் பிரிட்டிஷ் மருத்துவ மன்றமே ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும், அதில் தேறிய ஆசிய டாக்டர்கள் நெடுங்காலம் வெள்ளைக்கார டாக்டர்களுக்குக் கீழ்ப்பட்ட பதவியிலும் குறைந்த சம்பளத்திலுமே வைக்கப்பட்டார்கள். வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே சமமான இடமும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

உள்ளே நடப்பது என்ன? ஐந்தாண்டுக் காலம் பல்கலைக்கழகத்தில் படித்தவுடன் ஒருவர் தனித்து வைத்தியம் பார்த்துவிட முடியாது. மருத்துவமனையில் 'ஹவுஸ்மேன்' என்னும் பயிற்சி டாக்டராக வேலை செய்ய வேண்டும். இந்தப் பயிற்சி 2008-இல் ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டாக நீட்டப்பட்டது. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் என்று பிரிவு பிரிவாகச் சென்று மூத்த டாக்டர்களிடம் தொழில் பழகுகிறார்கள். இரவு வேலையை எல்லாருக்கும் ஒரே முறையில் பங்கிட வேண்டும். கற்றுக்கொடுப்பதில் முகம் பார்க்கக் கூடாது. இனத்தையோ, பிறந்த ஊரையோ, பேச்சையோ சொல்லிக் கேலி செய்ய இடம் கொடுக்கக் கூடாது. நல்ல பயிற்சி மருத்துவமனைக்கு இவை இலக்கணம்.

வேலை நிலைக்குமா என்ற கவலையும் உண்டு. 2016 இறுதியில் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தும் முறை வந்தது. 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த டாக்டர்கள் பல மருத்துவமனைகளில் வேலையை விட்டு வெளியே வந்து நிரந்தர இடம் கேட்டார்கள். கடன் வாங்கிப் படித்த ஏழை வீட்டுப் பிள்ளையைத்தான் இத்தகைய நிச்சயமின்மை அதிகம் வாட்டும்.

சரி, தோட்டத்துப் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? பிள்ளை படிவம் நான்கில் எந்தப் பாடங்களை எடுக்கிறது என்று கவனியுங்கள். உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகியவற்றை அப்போதே விட்டுவிட்டால், பிறகு மருத்துவத்துக்குப் போவது மிகக் கடினம். தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். எஸ்.பி.எம். முடித்தபின் மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என வழிகள் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெறுவோருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் தரப்படும் என்று 2024-இல் அரசு அறிவித்தது. அதன் விதிமுறைகளைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டுவிட்டு விதியை நொந்து பயனில்லை. "பெண் பிள்ளைக்கு இத்தனை படிப்பா?" என்று தடுக்கவும் வேண்டாம், திண்டிவனத்து இரவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகளாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. பயிற்சி டாக்டர் வேறு இனத்தவர் என்றோ, வயதில் சிறியவர் என்றோ முகம் சுளிக்காமல், எப்போது வலி தொடங்கியது, எங்கே வலிக்கிறது, என்ன மருந்து சாப்பிட்டோம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மொழி தடையானால் பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். நமக்கு வேண்டிய இந்த நியாயம் பக்கத்துக் கம்பத்து ஒராங் அஸ்லி மக்களுக்கும், நம்மோடு கொழுந்து எடுக்கும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளிக்கும் வேண்டும். நாளை நம் தோட்டத்திலிருந்து டாக்டராகப் போகிற பிள்ளை அவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கப் பழக வேண்டும்.

இன்று லயத்து வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மருத்துவமனையில் ஓர் இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. அங்கே வந்து படுக்கும் நோயாளிகளின் உயிருக்கு அது தேவை.