மறைத்த கணக்கும் கோர்ட்டுச் சம்மனும்

விவாக பந்தம் அறுபடுவது எவருக்கும் சந்தோஷமான விஷயமன்று. ஆயினும், அறுபட்டே தீருமாயின் அது நியாயமாக அறுபட வேண்டுமென்பதில் இருவேறு அபிப்பிராயங்களுக்கு இடமில்லை. விவாகரத்து வழக்குகளில் நியாயம் தடைப்படுவது பெரும்பாலும் சட்டப் புஸ்தகத்தில் அன்று, கணக்குப் புஸ்தகத்தில்தான். இருபது வருஷம் ஒரு வீட்டில் உலை வைத்தவளுக்கு, கணவனுடைய சம்பளம் எந்தப் பாங்கில் சேருகிறதென்பதுகூடத் தெரிவதில்லை. அவள் ஜீவனாம்ச மனுப் போட்டதுதான் தாமதம். நேற்றுவரை ஊரில் பெரிய மனிதராக உலவியவர் இன்று பரம ஏழையாகிவிடுகிறார்! வியாபாரத்தில் நஷ்டம் என்கிறார்; வீடு தம்பியுடையது என்கிறார்; கார் சிநேகிதருடையது என்கிறார். இந்தத் திடீர்த் தரித்திரத்தின் உண்மையை அறியச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறதென்பதை நம் நேயர்கள் தெரிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

முதல் வழி, கட்சிக்காரர்களையே பேச வைப்பது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்புச் சொல்லியது. ஜீவனாம்சம் பற்றிய வழக்குகளில் இரு தரப்பாரும் தத்தம் வரவு, சொத்து, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த் தரப்பாருக்கு இதற்கு அதிகபட்சம் நான்கு வாரமே அவகாசம். பொய் எழுதினால் பொய்ச் சாட்சியத்துக்குரிய நடவடிக்கை வரலாம். இவ்விதி கணவனுக்கு மட்டுமன்று, சம்பாதிக்கும் மனைவிக்கும் பொருந்தும். அதுவே நியாயம்.

பிரமாணப் பத்திரத்தில் சந்தேகம் இருந்தால் இரண்டாவது வழி திறக்கிறது. 1908-ம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-வது ஆர்டர்படி, கோர்ட்டின் அனுமதி பெற்று எதிராளிக்கு எழுத்து மூலம் வினாக்கள் விடுக்கலாம். அவர் கைவசமுள்ள தஸ்தாவேஜுகளை ஆஜர்படுத்தும்படியும் கோரலாம். கோர்ட்டு உத்தரவிட்ட பின்னும் பிடிவாதமாக மறுப்பவரின் எதிர்வாதத்தையே தள்ளிவிடக் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டு. கையிலுள்ள கணக்கை ஒளிப்பவனுக்கு அந்தக் கணக்கு விரோதமாகவே இருக்குமென்று அனுமானிக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

எதிராளி வாய் திறவாவிடில் என் செய்வது? அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்குத் தெரியும். பணத்தை வைத்திருக்கும் பாங்குக்குத் தெரியும். வழக்கில் கட்சிக்காரரல்லாத இவர்களை அழைப்பதே சம்மன். இது 16-வது ஆர்டரின் கீழ் வருவது. சம்மன் வேண்டுவோர் இன்னாரை இன்ன காரியத்துக்காக அழைக்க வேண்டுமென்று மனுவில் சொல்ல வேண்டும். சாட்சிக்குரிய படிப் பணத்தையும் செலவையும் கோர்ட்டில் கட்ட வேண்டும். தஸ்தாவேஜை மட்டும் கேட்டு வந்த சம்மனாயின், அழைக்கப்பட்டவர் நேரில் வர வேண்டியதில்லை. தஸ்தாவேஜை அனுப்பிவைத்தாலே போதும். சம்மனை அலட்சியம் செய்தால் வாரண்டு பிறப்பிக்கலாம், சொத்தை ஜப்தி செய்யலாம், 5,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதமும் விதிக்கலாம்.

பாங்குகளுக்கென்று 1891-ம் வருஷத்திய தனிச் சட்டம் ஒன்றுண்டு. வழக்கில் கட்சியல்லாத பாங்கின் அதிகாரியை, கோர்ட்டின் விசேஷ உத்தரவின்றி, மூலப் புஸ்தகத்தைத் தூக்கிவரும்படி நிர்ப்பந்திக்க இயலாது. ஆனால் அத்தாட்சி செய்த நகலே சாட்சியமாகும். ஆகவே கேட்க வேண்டியது பேரேட்டை அன்று, நகலைத்தான்.

இவ்வளவு அதிகாரம் சட்டத்தில் இருந்தும் பலருடைய மனுக்கள் தள்ளுபடியாவதேன்? சம்மனில் கேட்கப்படும் தஸ்தாவேஜு இன்னதென்று தக்க அளவு தெளிவாகக் குறிப்பிடப்பட வேண்டும். இந்த விதியிலேதான் சூட்சுமம் இருக்கிறது. "இவருக்குள்ள சகல கணக்குகளையும் சகல பாங்குகளிலிருந்தும் வரவழைத்துத் தருக" என்றால் எந்த நீதிபதியும் இணங்கமாட்டார். இன்ன பாங்கு, இன்ன கிளை, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன விஷயத்தை ருசுப்படுத்துவதற்காக என்று கேட்டால், மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியவர் எதிராளியே. சம்மன் குறிபார்த்து விடும் அம்பு. கடலைச் சலிக்கும் வலையன்று.

இக்கட்டுப்பாடு நியாயமானதே என்பது நம் அபிப்பிராயம். அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஒருவருடைய வருமான வரிக் கணக்கு அவரது சொந்த விஷயமென்றும், பெரும் பொதுநலன் இருந்தாலன்றி அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கொடுக்கலாகாதென்றும் 2012-லேயே அக்கோர்ட்டு கூறியது. மனஸ்தாபம் கொண்டவர்கள் பழிவாங்கும் பொருட்டு ஒருவர் வாழ்க்கையை மற்றவர் துருவுவதற்குக் கோர்ட்டு கருவியாகக் கூடாது. ஆனால் அந்தரங்கம் வேறு, வஞ்சகம் வேறு. குழந்தையின் பால் செலவுக்கு வேண்டிய பணத்தை ஒளித்து வைத்துவிட்டு, அந்தரங்கம் என்று கூவுவதை யார் ஒப்புவார்?

இங்கே ஏழை ஸ்திரீகளின் கஷ்டத்தை நாம் மறக்கலாகாது. 1984-ம் வருஷத்திய குடும்பக் கோர்ட்டுச் சட்டத்தின்படி, அக்கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கேட்கக்கூடியதன்று. கோர்ட்டின் அனுமதி வேண்டும். சண்டையைச் சிநேக பாவத்தில் தீர்க்க வேண்டுமென்பது இதன் நல்லெண்ணம். விளைவோ, கணக்கே கண்டிராத பெண் எந்தப் பாங்கு, எந்தத் தேதி என்று தானே எழுதிக் கேட்க நேரிடுகிறது. வழக்கு வந்தபின் அவள் எங்கே போய் இதைத் தேடுவாள்?

ஆகையால், குடும்பச் சச்சரவுகளில் மத்தியஸ்தம் செய்யும் நம் நேயர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்களிடம் அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டிலுள்ள பாங்குக் கடிதம், சம்பளச் சீட்டு, இன்ஷூரன்ஸ் ரசீது இவற்றிலுள்ள எண்களையும் தேதிகளையும் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிலத்துக்கும் வீட்டுக்கும் வில்லங்கச் சான்று பெறச் சம்மனே வேண்டியதில்லை. பத்திரப் பதிவு ஆபீஸில் கட்டணம் கட்டினால் எவருக்கும் கிடைக்கும். வக்கீல் வைக்க வழியில்லாதவளை இலவசச் சட்ட உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்திரீகளுக்கு அவர்கள் வருமானம் எதுவாயினும் அந்த உதவி பெறச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

இவை யாவும் நோய் வந்த பின் தேடும் மருந்து. வரும்முன் காக்கும் வழி வேறொன்றுண்டு. நம் வீட்டு வரவு செலவு நம் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும். கணக்கைப் பங்கிட்டுக்கொண்ட வீட்டில் பிரிவு நேர்ந்தாலும் பொய்க்கு இடமிராது. இல்லத்தில் மனைவி கேட்டபொழுது காட்ட மறுத்த கணக்கைக் கோர்ட்டு கேட்கும்பொழுது காட்டித் தீர வேண்டியிருக்கும். அந்த அவமானம் எதற்கு?