தூளிக் கொக்கியில் தோளுக்கு ஒரு ராட்டினம்

கொண்டையில் பூ வைக்கக் கை எட்டவில்லை, ரவிக்கை போட்டுக்கொள்வதற்குள் உயிர் போகிறது என்று நாற்பதைத் தாண்டிய பெண்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். தோள் மூட்டு இறுகிப்போகும் இதை ‘உறைந்த தோள்’ என்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. குணமாக ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

டாக்டர் சம்மதித்தால், உடற்பயிற்சி அறைகளில் தொங்கும் ராட்டினத்தை வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். கூரையிலிருந்து ஒரு சின்ன ராட்டினம், அதில் விரல் தடிமனுக்குப் பருத்திக் கயிறு, இரண்டு முனையிலும் பிடி. கீழே ஸ்டூலில் உட்கார்ந்து நல்ல கையால் இழுத்தால் வலிக்கிற கை மெல்ல மேலே போகும். ‘சுருக்’கென்று வலிக்கும் வரை இழுக்க வேண்டாம், தசை இழுபடுவது தெரிந்தால் போதும். ஒரு வேளைக்குப் பத்து தடவை. ராட்டினம் இல்லாமல் வெறும் கொக்கியில் கயிற்றை ஓட்டாதீர்கள், அறுந்துவிடும்.

கஷ்டம் கயிற்றில் இல்லை, கொக்கியில்தான்! கையின் கனம் மூன்று நாலு கிலோதானே என்று நினைப்போம். ஆனால் கயிறு தொங்கினால் வீட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? தொங்கி ஆடுவார்கள். ஆடும்போது பாரம் இரட்டிப்பாகும். அதனால் பெரியவர் ஆடும் ஊஞ்சலுக்குப் போடுவது போலவே போட வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஓட்டு வீடுகளில் நல்ல உத்திரம் இருக்கும். உத்திரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஓடு தாங்கும் ரீப்பரில் கட்டவே கூடாது. கல்வராயன் மலைக் கூரை வீடுகளில் மரத்தைத் தட்டிப் பாருங்கள். ‘பொத பொத’ என்றால் உள்ளே கரையான் இருக்கும். அந்த வீட்டுக்கு வாசல் புளியமரக் கிளையே மேல். (முருங்கைக் கிளை வேண்டாம், அது முறுக்குப் போல ஒடியும்!)

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்களா? காங்கிரீட் போடும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். 12 எம்.எம். கம்பியை வளைத்து, அதன் இரு கால்களையும் கூரைக் கம்பிகளுக்கு மேலே மாட்டிக் கட்டிவிட்டால் அந்தக் கொக்கி அசையாது. தூளிக்கும் அதுவே ஆகும்.

காங்கிரீட் போட்டு முடிந்த வீட்டில்தான் ஏமாற்றம் நடக்கிறது. துளை போட்டு மரக்கட்டை அடைத்து, அதில் ஆணி இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சுவரில் படம் மாட்ட அது சரி. கூரையில் கட்டை காய்ந்து சுருங்கினால் ஆளோடு வரும். ஆங்கர் போல்ட்தான் போடச் சொல்லுங்கள். அது பூச்சைத் தாண்டிக் காங்கிரீட்டுக்குள் குறைந்தது இரண்டு அங்குலமாவது இறங்க வேண்டும். துளை போடும்போது மெயினை அணைத்து விடுங்கள். கூரைக்குள் ஒயர் ஓடும் பக்கம் தொடவே வேண்டாம். துரு வழிந்து, பூச்சு உப்பி உதிரும் கூரை என்றால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள். ஃபேன் கொக்கி ஃபேனுக்கு மட்டும்தான்.

மாட்டியதும் அவசரப்படாதீர்கள். 25 கிலோ அரிசி மூட்டை மூன்றைச் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் கொக்கியைச் சுற்றி மயிரிழை விரிசல் கண்டாலும் கழற்றிவிடுங்கள்.

மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி இறங்கி வர முடியாதவர்கள் ஊர் நர்ஸம்மாவைக் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக் கொடுப்பதும் ஒரு பகுதி.

கைக்குழந்தையும் சின்னப் பிள்ளைகளும் உள்ள தாய்மார்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆளில்லாத நேரத்தில் தூளிச் சேலை கழுத்தில் சுற்றிப் பிள்ளைகள் இறந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். இந்தக் கயிறும் அப்படித்தான். பயிற்சி முடிந்த நிமிஷமே கயிற்றை உருவி, சுருட்டி, பீரோவுக்கு மேலே போட்டுவிடுங்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, முதலில் கயிறு!