மேசை திருப்பித் தரும் ஒரே பந்து

அமெரிக்க பார்களில் கிடக்கும் பூல் மேசை, காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஓர் இயந்திரம். நாணயங்களை அவற்றுக்கான பள்ளத்தில் வைத்துத் தள்ளினால், உள்ளே அடைபட்டிருக்கும் பதினைந்து வண்ணப் பந்துகளும் கடகடவென்று உருண்டு வெளியே வரும். அதன் பிறகு குழியில் விழுகிற வண்ணப் பந்து ஒவ்வொன்றையும் மேசை பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஆட்டத்துக்குக் காசு விழுந்தால்தான் விடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோலால் நேரடியாக அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்தும் அவ்வப்போது தவறிக் குழியில் விழும். எதிராளி அதை எடுத்து மேசைமேல் வைத்துத்தான் ஆட்டத்தைத் தொடர வேண்டும். அதற்காக இன்னொரு முறை காசு கேட்டால் யார் விளையாட வருவார்கள்? ஆகவே, பலகைக்குக் கீழே இருட்டில் உருண்டு வரும் பதினாறு பந்துகளில் வெள்ளை எது என்று மேசை தானாகக் கண்டுபிடித்து, அதை மட்டும் திருப்பித் தர வேண்டும். பழைய மேசைகளில் இதற்கு மின்சாரமும் இல்லை, உணர்கருவியும் இல்லை.

கண்டுபிடித்த வழி எளிமையானது. வெள்ளைப் பந்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட்டார்கள். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். பார் மேசையின் பெரிய வெள்ளைப் பந்து 60.3 மில்லிமீட்டர். எல்லாப் பந்துகளும் சரிவான ஓடையில் உருண்டு ஒரே வாசலுக்கு வருகின்றன. வாசலின் அளவு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. வண்ணப் பந்துகள் நுழைந்து சிறைக்குப் போகும். வெள்ளைப் பந்து நுழைய முடியாமல் பக்கத்து ஓடைக்குத் திரும்பி வெளியே வந்துவிடும். சல்லடைக்கு வேறு என்ன தெரிய வேண்டும்?

மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கோளத்தின் கணக்கு அப்படி விடுவதில்லை. விட்டம் ஐந்தரை சதவீதம் கூடினால் கொள்ளளவு அதன் கனமடங்காகக் கூடும். எடை கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறிவிடும். 170 கிராம் வண்ணப் பந்தை 200 கிராம் வெள்ளைப் பந்து மோதுகிறது. வசூலுக்காகச் செய்த இந்தச் சிறு மாற்றம் ஆட்டத்தின் இயற்பியலையே மாற்றிவிட்டது.

முதல் மாற்றம் மோதலில். ஒரே எடையுள்ள இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதும்போது, வந்த பந்து சுழலாமல் சறுக்கி வந்திருந்தால், தன் வேகம் முழுவதையும் மற்றதிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். பூல் ஆட்டக்காரர்கள் இதை 'ஸ்டாப் ஷாட்' என்பார்கள். கற்றுக்கொள்ளும் முதல் வித்தை இதுதான். கனமான பந்தால் இப்படி நிற்க முடியாது. கேரம் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: ஸ்ட்ரைக்கர் காயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம் என்பதால், காயை நேராக அடித்தாலும் பின்னாலேயே ஓடி, சமயத்தில் காயோடு சேர்ந்து பாக்கெட்டில் விழுந்து அபராதம் வாங்கித் தரும். பார் மேசையில் அதே குணம், சிறிய அளவில். மோதலுக்குப் பிறகும் வெள்ளைப் பந்திடம் எட்டு சதவீத வேகம் மிச்சமிருக்கிறது. எட்டு என்பது சின்ன எண்தான். ஆனால் பலமாக அடித்த அடியில் அது வெள்ளைப் பந்தை ஒரு சாணுக்கு மேல் முன்னே தள்ளி, அடுத்த அடிக்கு நினைத்திருந்த இடத்தைக் கெடுத்துவிடும்.

சாய்வாக மோதும்போது இன்னும் சுவாரசியம். சம எடைப் பந்துகள் மோதிப் பிரியும்போது, வெள்ளை சறுக்கி வந்திருந்தால், இரண்டின் பாதைகளுக்கும் இடையே செங்கோணம் இருக்கும். நல்ல ஆட்டக்காரர் அடிக்கும் முன்பே வெள்ளைப் பந்து போகப்போகும் கோட்டை மனத்தில் வரைந்துவிடுவது இந்த 90 டிகிரி விதியை நம்பித்தான். பெரிய பந்தில் அந்தக் கோணம் சுருங்கிவிடுகிறது. அதோடு ஒரு கடுமையான எல்லையும் வந்து சேர்கிறது: சுழலாமல் வரும் பெரிய வெள்ளைப் பந்து, எப்படி மோதினாலும், தான் வந்த திசையிலிருந்து சுமார் 58 டிகிரிக்கு மேல் விலகவே முடியாது. வண்ணப் பந்தின் எடையை வெள்ளைப் பந்தின் எடையால் வகுத்தால் வரும் எண்ணே அந்தக் கோணத்தின் சைன். பள்ளிக்கூட முக்கோணவியல் அவ்வளவுதான்.

பெரும்பாலான அடிகளில் வெள்ளைப் பந்து சறுக்குவதில்லை, உருள்கிறது. உருளும் பந்தின் முன்சுழற்சி மோதலில் அழியாது. மோதிய பிறகு துணியைப் பிடித்துப் பந்தை மறுபடி முன்னே வளைக்கும். இந்த வளைவின் கணிதத்தை 1835-இலேயே ஒரு முழுப் புத்தகமாக எழுதியவர் கோரியாலிஸ். காற்றும் கடல் நீரோட்டமும் ஏன் வளைகின்றன என்று படிக்கும்போது பாடத்தில் வருகிறாரே, அதே பிரெஞ்சுக்காரர்தான். நம் காலத்தில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்து இயந்திரப் பொறியியல் பேராசிரியர் டேவிட் அல்சியாட்டோரே, உருளும் பந்து வண்ணப் பந்தைப் பாதியளவு மறைத்து மோதினால் ஏறத்தாழ 30 டிகிரி விலகும் என்ற எளிய விதியாக அதைப் பரப்பினார். சம எடைக்குக் கணக்குப் போட்டால் துல்லியமாக வருவது 34 டிகிரி. பெரிய பந்துக்குப் போட்டால் 29. ஐந்து டிகிரி வித்தியாசம், மேசையின் மறுகோடி போய்ச் சேரும்போது இன்னொரு பந்தில் இடிப்பதா, இடுக்கில் புகுந்து போவதா என்பதைத் தீர்மானிக்கப் போதும்.

எடையை விடுங்கள். அளவு மட்டுமே செய்யும் குறும்பு தனி. வண்ணப் பந்தைக் குழிக்கு அனுப்ப, மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து எங்கே இருக்க வேண்டும் என்று ஆட்டக்காரர் ஒரு கற்பனைப் பந்தை அங்கே வைத்துப் பார்ப்பார். பழகிய கண் வைப்பது 57 மில்லிமீட்டர் பந்து. வந்து சேர்வதோ அதைவிடக் குண்டு. ஒரு நொடிப்பொழுது முன்னதாகவே தொட்டுவிடுகிறது. விளைவு, வண்ணப் பந்து நினைத்ததைவிடக் குறைவாகவே பக்கவாட்டில் திரும்பும். 30 டிகிரி திருப்ப நினைத்தால் 29 தான் கிடைக்கும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குழியில் அது ஒன்றரை சென்டிமீட்டர் பிசகு, பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். 60 டிகிரி திருப்ப நினைத்தாலோ இரண்டரை டிகிரி குறைந்து, அதே தூரத்தில் நாலரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மூலைக் குழியின் வாய் 11.5 சென்டிமீட்டர் அளவு. நடுவில் பந்து போக இரண்டு பக்கமும் மிஞ்சுவது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. மெல்லிசாக வெட்டி அடிக்கும் அடிகள் பார் மேசையில் மர்மமாகத் தவறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழகியவர்கள் இன்னும் மெல்லிசாகக் குறிவைப்பார்கள்.

உயரத்திலும் ஒரு கோணல் ஒளிந்திருக்கிறது. பெரிய பந்தின் மையம் ஒன்றரை மில்லிமீட்டர் மேலே இருப்பதால், அது வண்ணப் பந்தை அதன் இடுப்புக்குச் சற்று மேலே தொடுகிறது. வண்ணப் பந்தைத் துணிமேல் அழுத்தி, தான் லேசாக எழும்பிக்கொள்கிறது. குஷனிலும் இதே கதை. மேசையைச் சுற்றியிருக்கும் ரப்பர் விளிம்பின் மூக்கு, பந்தின் உயரத்தில் 63.5 சதவீதத்தில் தொடும்படி அமைக்கப்படுகிறது. பெரிய பந்துக்கு அதே மூக்கு 60 சதவீதத்தில்தான் படும். வேகமாகப் போய் மோதினால் பந்து துள்ளுவது அதனால்தான். இதில் சின்ன லாபமும் இருக்கிறது: பந்து குஷனோடு ஒட்டி நின்றுவிட்டால், விளிம்புக்கு மேல் தெரியும் பகுதி மூன்று மில்லிமீட்டர் அதிகம். கோலின் முனையை வைக்க இடமில்லாமல் தவிக்கும் இடத்தில் மூன்று மில்லிமீட்டர் பெரிய வரம்.

இனி ஆட்டக்காரர்கள் அதிகம் புலம்பும் விஷயத்துக்கு வருவோம்: பின்னிழுப்பு. பந்தை மையத்துக்குக் கீழே அடித்தால் அது பின்னோக்கிச் சுழன்றுகொண்டே முன்னே போகும். மோதியதும் முன்னேறும் வேகம் வண்ணப் பந்துக்குப் போய்விட, மிஞ்சிய சுழற்சி வெள்ளைப் பந்தைத் திரும்ப இழுத்து வரும். இதை 'டிரா' என்பார்கள். பெரிய பந்து இதற்கு எளிதில் மசியாது. கனமான பந்து துணியில் அதிகம் உராய்ந்து சுழற்சியைச் சீக்கிரம் இழந்துவிடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. கேட்க நியாயமாக இருக்கும், உண்மையில்லை. எடை கூடினால் உராய்வு விசை கூடும், அந்த விசையை எதிர்க்கும் நிறையும் அதே விகிதத்தில் கூடும், இரண்டும் கழிந்துவிடும். பந்தின் பருமனும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. ஒரே வேகத்திலும் சுழற்சியிலும் கிளம்பினால், சின்னப் பந்தும் பெரிய பந்தும் பின்சுழற்சியை இழப்பது ஒரே தூரத்தில்தான்.

குற்றவாளி மோதல்தான். மிச்சமிருக்கும் அந்த எட்டு சதவீத முன்வேகத்தை முதலில் கொன்ற பிறகே சுழற்சியால் பந்தைப் பின்னால் இழுக்க முடியும். முழுப் பின்சுழற்சியோடு நேராக மோதினாலும், திரும்பி வரும் தூரம் சாதாரணப் பந்தைவிட 30 சதவீதம் போலக் குறையும். பின்னே இழுக்காமல் வெறுமனே நிறுத்துவதற்குக்கூட ஒரு கைப்பக்குவம் வேண்டும். வண்ணப் பந்து மிக அருகில் இருந்தால் மையத்துக்கு 2.4 மில்லிமீட்டர் கீழே அடிக்க வேண்டும். தள்ளிப் போகப் போக இன்னும் கீழே. கோலின் தோல் முனையின் அகலமே 13 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள்!

முன்னே போவதில் இந்தப் பந்துக்கு நிகர் இல்லை. உருண்டு வந்து நேராக மோதினால், சாதாரணப் பந்தைவிட 45 சதவீதம் கூடுதல் தூரம் தொடர்ந்து ஓடும். பார் மேசையின் தேர்ந்த கைகளைக் கவனித்தால் இது புரியும். அவர்கள் பந்தோடு சண்டை போடுவதில்லை. அடுத்த பந்து எப்போதும் வெள்ளைக்கு முன்பக்கம் கிடைக்குமாறு வரிசையை யோசிக்கிறார்கள். ஏழடி மேசையில் தூரங்கள் குறைவு, பந்துகளோ நெருக்கம்; நாலு பந்து தள்ளி யோசிப்பவருக்கே வழி திறக்கும். குழியும் வண்ணப் பந்தும் வெள்ளையும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்துவிட்டால், மற்ற மேசையில் சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் இங்கே கவலைப்படுவார்கள். அந்த நிலையில் நிறுத்தவோ இழுக்கவோதான் முடியும், இரண்டுமே கடினம். உருட்டி விட்டால் வெள்ளையும் பின்னாலேயே குழிக்குள் போய்விடும். ஆகவே முந்தைய அடியிலேயே ஒரு சின்னச் சாய்வை விட்டு வைப்பார்கள். சாய்வு இருந்தால் வெள்ளை முன்னே நழுவி, ஒரு குஷனைத் தொட்டு, தேவையான இடத்துக்குத் தானே வந்து சேரும். மிதமான வேகம் போதும். பலசாலிகள் இந்த மேசையில் தோற்பதைப் பார்க்க எனக்கு ஒரு சின்ன ஆனந்தம் உண்டு.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே சிக்கலை நேர்மாறாகத் தீர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பப் மேசைகளில் வண்ணப் பந்துகள் 50.8 மில்லிமீட்டர், வெள்ளைப் பந்து 47.6. சல்லடை அங்கே சின்னதைப் பிரித்தெடுக்கிறது. அமெரிக்க வெள்ளை தன் சகாக்களைவிட 18 சதவீதம் கனம். ஆங்கிலேய வெள்ளை அதே 18 சதவீதம் லேசு. நேருக்கு நேர் சறுக்கி மோதினால் அது முன்னே நகராமல், வந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு பின்னே வரும். ஓஹையோவில் பழகிய கையும் மான்செஸ்டரில் பழகிய கையும் ஒரே அடியை அடித்துவிட்டு எதிரெதிர் திசைகளில் பந்தைத் தேடும்.

பிறகு காந்தம் வந்தது. இரும்பு கலந்த வெள்ளைப் பந்தை ஓடையோரத்துக் காந்தம் பக்கத்துக்கு இழுத்துவிடுவதால், பெரிய பந்து தேவைப்படவில்லை. ஒளியால் பந்தை அடையாளம் காணும் மேசைகளும் வந்துவிட்டன. இருந்தாலும் பழைய மேசைகள் சாகவில்லை. பாருக்குள் நுழைபவருக்கு உள்ளே என்ன பந்து இருக்கிறது என்று எந்த அறிவிப்பும் சொல்லாது.

அதனால் விவரமறிந்தவர்கள் முதலில் இரண்டு சோதனைகள் செய்வார்கள். வெள்ளையையும் ஒரு வண்ணப் பந்தையும் ஒட்டி வைத்து, மேசை மட்டத்துக்குக் குனிந்து இரண்டின் உச்சியையும் பார்ப்பார்கள். மூன்று மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியும். அடுத்து, ஓர் அடி தூரத்தில் ஒரு பந்தை வைத்து, வெள்ளையின் மையத்தில் சுரீரென்று நேராக அடிப்பார்கள். அப்படியே நின்றால் சாதாரணப் பந்து என்று நினைத்து ஆடலாம். நகர்ந்தால் கனம். உயரம் சமமாக இருந்து முன்னே நகரும் பந்தும் உண்டு. உள்ளே இருக்கும் இரும்பு அதன் எடையை மட்டும் கூட்டியிருக்கும். அந்தப் பந்துக்குக் குறியை மாற்ற வேண்டியதில்லை. வெட்டும் கோணங்கள் எல்லாம் பழையபடியே இருக்கும். வெள்ளை எங்கே போய் நிற்கும் என்ற கணக்கை மட்டும் திருத்திக்கொண்டால் போதும்.