பாலமும் கலமும்

ஆற்றின் இருகரையாரும் பாலத்தை வேண்டுவர். ஆற்றின் வழியே துறைமுகஞ் சேரும் கலமோ தடையற்ற நீர்வழியை வேண்டும். இவ்விரு தேவைகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் பாலத்தின் தூண்களாகும்.

தரையிற் செல்லும் வண்டியை நிறுத்தத் தடையுண்டு. கலத்திற்கு அத்தகைய தடை இல்லை. பொறியைப் பின்னோக்கி இயக்கினும் பெருங்கலம் நெடுந்தூரஞ் சென்றே நிற்கும். மேலும், சுக்கான் தானாகக் கலத்தைத் திருப்புவதன்று. அதன்மீது பாயும் நீரின் விசையே திருப்புகின்றது. எனவே வேகம் மிகுந்தால் நிறுத்தல் அரிது. மிகக் குறைந்தால் திருப்பல் அரிது. ஆற்றோட்டமும் காற்றும் பக்கவாட்டில் தள்ளுதல் இதனினும் பெரிய இடர். இதனாலேயே அவ்வாற்றின் இயல்பை நன்கறிந்த வழிகாட்டி மாலுமி கலத்தில் ஏறுகின்றார். கடத்தற்குரிய பாலக்கண்ணை இரவில் விளக்குகள் காட்டுகின்றன. பாலத்தின் கீழுள்ள இடைவெளி வற்றுப்பெருக்கைக் கணித்து அறியப்படுகின்றது.

இவையெல்லாம் இருந்தும் நேரக்கூடியதை 2024 மார்ச்சு 26 ஆம் நாள் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிற் கண்டோம். நமது கொழும்புத் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்ட ‘டாலி’ என்னும் ஏறத்தாழ 300 மீற்றர் நீளமான கலம், பற்றாப்ஸ்கோ ஆற்றில் நள்ளிரவுக்குப் பின் மின்சாரத்தை இழந்தது. இழுவைப் படகுகள் முன்னரே விலகியிருந்தன. நங்கூரம் இறக்கியும் பயனில்லை. ஏறத்தாழ நான்கு நிமிடங்களிற் கலந் தூணில் மோத, 1977 இல் திறக்கப்பட்ட பிரான்சிஸ் ஸ்கொற் கீ பாலம் வீழ்ந்தது. கலத்திலிருந்து வந்த அபாய அறிவித்தலைக் கேட்ட காவலர் வண்டிகளைத் தடுத்துப் பல உயிர்களைக் காத்தனர். எனினும் பாலத்தின்மேல் வீதியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தோருள் அறுவர் மாண்டனர். முதல் மின்தடைக்கு மூலம், தளர்ந்திருந்த கம்பியொன்றே என 2025 இல் விசாரணையாளர் கண்டனர்.

ஒரு கம்பி தளர்ந்தமைக்காக ஒரு பாலம் வீழ்தல் தகுமோ? 1980 இல் புளோரிடாவிலே, புயல்மழை பார்வையை மறைக்க, சன்சைன் ஸ்கைவே பாலத்திற் கலமொன்று மோதி 35 பேர் இறந்தனர். 1987 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், தூண்களைச் சூழ நீரினுள்ளே வலிய காப்பரண்கள் நிறுவப்பட்டன. வழிதவறிய கலம் தூணை அடையுமுன் அரணில் மோதி விசையிழக்கும் என்பதே இதன் கருத்து.

மாலுமியின் திறமை, பொறியின் பராமரிப்பு, தூணின் காப்பு என்னும் மூன்றில் ஒன்று தவறினும் மற்றையவை தாங்குமாறு அமைத்தலே அறிவுடைமை. நள்ளிரவிற் பாலத்தின்மேல் பணிபுரியும் தொழிலாளி கீழே செல்லுங் கலத்தை அறியான். இம்மூன்றையும் நம்பியே அவன் நிற்கின்றான்.