‘வாட்டர் புரூப்' டார்ச் லைட் வாங்கப் போறீங்களா? பெட்டியில் இருப்பதை நம்பாதீங்க... டிரம்முல முக்கிப் பாருங்க!

அம்பத்தூர்:-

வடகிழக்கு பருவமழை என்றாலே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரியா ஜனங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி ராத்திரியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரையோரம் குடியிருந்தவர்கள் கட்டிய துணியோடு மொட்டை மாடிக்கு ஓடினார்கள்.

2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொரட்டூர் பக்கம் வெள்ளக்காடானது. கம்பெனிக்குள் மிஷின்கள் தண்ணீரில் நின்றன.

இரண்டு தடவையும் ஒரே கதைதான். தண்ணீர் ஏறியதும் கரண்டு போனது. செல்போன் டவரும் பல இடங்களில் படுத்து விட்டது. கும்மிருட்டில் குழந்தை குட்டிகளையும், நடக்க முடியாத பெரியவர்களையும் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்தவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் செல்போன் லைட்டுதான். அது தண்ணீரில் விழுந்தால் வெளிச்சமும் போச்சு, உதவிக்கு கூப்பிட போனும் போச்சு.

அதனால்தான் இப்போது மழைக்கு முன்பே டார்ச் லைட் வாங்கி வைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வாங்கும் டார்ச் தண்ணீரில் எரியுமா என்பதுதான் கேள்வி.

எல்லாமே வாட்டர் புரூப் இல்லை

நடைபாதை கடையில் இருந்து ஆன்லைன் வரை எந்த டார்ச் பெட்டியை எடுத்தாலும் ‘வாட்டர் புரூப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த வார்த்தைக்கு மட்டும் எந்த மதிப்பும் கிடையாது. பார்க்க வேண்டியது ஆங்கிலத்தில் ஐ, பி, எக்ஸ் என்ற 3 எழுத்தும் அதற்கு பக்கத்தில் உள்ள நம்பரும்தான். இது உலகம் முழுக்க ஒரே கணக்கு.

நம்பர் 4 என்றால் நாலாபக்கமும் இருந்து தெறிக்கும் தண்ணீரை தாங்கும். மழையில் நனையலாம். தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. நம்பர் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. நம்பர் 8 என்றால் அதை விட ஆழத்துக்கும் போகும். ஆனால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதை கம்பெனிக்காரன் எழுதி இருக்க வேண்டும். வெறும் 8 மட்டும் போட்டு மீட்டர் கணக்கு இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். சிலதில் எக்ஸ் எழுத்துக்கு பதிலாக 6 இருக்கும். அது தூசிக்கான நம்பர். அதாவது 67 என்று இருந்தால் தூசியும் போகாது, 1 மீட்டர் தண்ணீரும் போகாது.

தெருவில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீருக்கு 7 போதும். 4-ஐ வாங்கிவிட்டு வெள்ளத்தில் இறங்கினால் ஆபத்து.

‘டைவிங் டார்ச்' தேவையா?

கடலில் முக்குளிப்பவர்கள் பயன்படுத்தும் டைவிங் டார்ச்சும் இப்போது ஆன்லைனில் சல்லிசாக கிடைக்கிறது. தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் மேலே உள்ள காற்றழுத்தத்துக்கு சமமான அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 30 மீட்டரில் 4 மடங்கு. அதை தாங்குவதற்காக கெட்டியான பாடி, தடிமனான கண்ணாடி, இரண்டு ரப்பர் வளையம் என்று செய்கிறார்கள். ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் காணாமல் போய் எல்லாம் நீலமாக தெரியும் என்பதால், பட்டப்பகலிலும் முக்குளிப்பவர்கள் கையில் டார்ச் இருக்கும்.

இதில் நமக்கு உபயோகமான விஷயம் சுவிட்சுதான். சாதா டார்ச்சில் பட்டனுக்காக பாடியில் ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்திருப்பார்கள். நாளாக நாளாக ரப்பர் வெடித்து, தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். நல்ல டைவிங் டார்ச்சில் ஓட்டையே இருக்காது. காந்தத்தை நகர்த்தினால் எரியும், அல்லது தலையைத் திருகினால் எரியும்.

ஒரு குறையும் இருக்கிறது. பவர் அதிகமான டைவிங் டார்ச்சை சுற்றி உள்ள தண்ணீர்தான் குளிர வைக்கும். வீட்டில் எமர்ஜென்சி லைட் மாதிரி முழு வெளிச்சத்தில் மணிக்கணக்கில் எரிய விட்டால் சூடேறி கெட்டுப்போகும். வீட்டுக்கு ஒன்று என்றால் நம்பர் 7 அல்லது 8 போட்ட சாதா டார்ச்சே வாங்கலாம். காசு அதிகம் இருந்தால் டைவிங் டார்ச், அவ்வளவுதான்.

பேட்டரியில் நடக்கும் தில்லுமுல்லு

விரல் தடிமனுக்கு இருக்கும் ‘18650' என்ற சார்ஜ் பேட்டரிதான் இப்போது நிறைய டார்ச்சில் வருகிறது. நல்ல கம்பெனி பேட்டரியே 3,500 எம்.ஏ.எச். சுற்றித்தான் தாங்கும். அதே சைசில் 9,900 என்று போட்டிருந்தால் அது டூப். இதே மாதிரி கையடக்க டார்ச்சில் ‘ஒரு லட்சம் லுமன்' என்பதும் சும்மா அடித்து விடுவதுதான். நாலு மாடி எதிர்வீட்டை பகலாக்கும் வெளிச்சம் வெள்ளத்தில் தேவையில்லை. விடிய விடிய எரிய வேண்டும், அதுதான் முக்கியம். டிம், பிரைட் என்று 2 வெளிச்சம் இருக்கும் டார்ச்சாக பார்த்து வாங்க வேண்டும்.

நாலு நாள் கரண்டு வராவிட்டால் சார்ஜ் டார்ச் வெறும் கட்டைதான். அந்த நேரத்தில் பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரி போட்டு எரிக்கும் டார்ச் ஒன்று கூடவே இருந்தால் தப்பிக்கலாம்.

வீட்டிலேயே டெஸ்ட்

வாங்கிய அன்றே சோதித்து விட வேண்டும். மழை வந்த பிறகு கடைக்காரரோடு சண்டை போட்டு பலன் இல்லை.

பேட்டரியை வெளியே எடுத்து விட்டு, உள்ளே ஒரு துண்டு நியூஸ் பேப்பரை சுருட்டி வைத்து இறுக்க மூட வேண்டும். தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் அடிவரைக்கும் முக்கி அரை மணி நேரம் விட வேண்டும். டிரம் கிட்டத்தட்ட 3 அடி ஆழம் என்பதால் வாளியை விட சரியான சோதனை. நடுநடுவே தண்ணீருக்குள்ளேயே சுவிட்சை போட்டு அணைக்க வேண்டும். குமிழி வந்தால் அங்கேதான் ஓட்டை. எடுத்து நன்றாக துடைத்த பிறகு திறந்து பார்த்தால் பேப்பர் காய்ந்திருக்க வேண்டும்.

பேட்டரி கழற்ற முடியாத மாடல் என்றால் கண்ணாடிக்கு உள்பக்கம் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தால் திருப்பிக் கொடுத்து விடலாம். சார்ஜ் போடும் ஓட்டையை மூடும் ரப்பர் சரியாக உட்காராமல்தான் பல டார்ச் செத்துப் போகிறது. அதை விரலால் அழுத்திப் பார்த்து விட்டுத்தான் முக்க வேண்டும்.

எரிந்து சூடாக இருக்கும் டார்ச்சை டக்கென்று குளிர்ந்த தண்ணீரில் போடக்கூடாது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சந்து கிடைத்தால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

தண்ணீரில் இறங்கும்போது...

முதலில் ஒன்று. வாட்டர் புரூப் டார்ச்சுக்குத்தான், ஆளுக்கு இல்லை. மெயின் ஆப் செய்யாத வீட்டுக்குள்ளோ, கம்பி அறுந்து கிடக்கும் தெருவிலோ டார்ச் இருக்கும் தைரியத்தில் இறங்கவே கூடாது.

டார்ச்சில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் தாழ்த்தி, ஒரு பக்கமாக பிடிக்க வேண்டும். வண்டலூர் - மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டில் பனியில் ஹைபீம் போட்டவர்களுக்கு இது புரியும். வெளிச்சம் முழுவதும் திரும்பி வந்து நம் கண்ணையே மறைக்கும். கொட்டும் மழையும் அப்படித்தான்.

எவ்வளவு பெரிய டார்ச்சாக இருந்தாலும் டீ கலரில் ஓடும் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டாது. கலங்கிய ஏரியில் ஆள் தேடும்போது முக்குளிப்பவர்களே லைட்டை நம்பாமல் கையால் தடவித்தான் தேடுவார்கள். அதனால் டார்ச் ஒரு கையில், கம்பு மறு கையில். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கம்பால் குத்திப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். டார்ச்சை தண்ணீரின் மேல்பக்கமாக அடித்தால் சுழி தெரியும். ஒரே இடத்தில் தண்ணீர் சுற்றினாலோ, குமிழி விட்டாலோ அங்கே மூடி இல்லாத பாதாள சாக்கடையோ, மழைநீர் கால்வாய் பள்ளமோ இருக்கலாம். அந்தப் பக்கமே போகக்கூடாது.

குடும்பத்தோடு போனால் முன்னால் போகிறவரிடம் ஒன்று, கடைசியில் வருகிறவரிடம் ஒன்று என 2 டார்ச் வேண்டும். நடுவில் குழந்தைகள்.

மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டால் ‘எதுக்குடா இது' என்று கடுப்பேற்றுகிற மினுக் மினுக் பட்டனுக்கு அப்போதுதான் வேலை. 3 முறை சட்டென்று, 3 முறை நீளமாக, மறுபடி 3 முறை சட்டென்று எரிந்தால் அது ஆபத்து சிக்னல். அரக்கோணத்தில் முகாம் உள்ள தேசிய பேரிடர் மீட்புப்படை வீரர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் அது தெரியும். படகு கிட்டே வந்ததும் லைட்டை கீழே இறக்கி விடுங்கள். ஓட்டுகிறவர் கண்ணில் அடித்தால் அவருக்கு எதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

சேறு ஒட்டிய டார்ச்சை அப்படியே திறக்கக்கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே திறக்க வேண்டும். திருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தின் அருமை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹைட்ராலிக் வேலை பார்க்கிறவர்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஓ-ரிங்தான். ஒரு தலைமுடி மாட்டினாலும் தண்ணீர் கசியும். வளையத்தை துடைத்து சிலிக்கான் கிரீஸ் லேசாக தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய், வாசலின் வேண்டாம். சில ரப்பர் ஊறி உப்பி விடும்.

தண்ணீர் புகுந்த சார்ஜ் பேட்டரியை காய வைத்து மறுபடி சார்ஜ் போடுவது தீயோடு விளையாடுவது மாதிரி. தூக்கிப் போட்டு விட வேண்டும். சாதா பேட்டரி என்றால் மழை சீசன் முடிந்ததும் கழற்றி தனியாக வைக்காவிட்டால், அடுத்த வருஷம் உள்ளேயே பொங்கிக் கிடக்கும்.

மின்சார புகாருக்கு ‘மின்னகம்' 94987 94987, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த நம்பர்களை பேப்பரில் எழுதி டார்ச் பாடியிலேயே செலோ டேப் போட்டு ஒட்டி வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் போனில் இருந்தாவது கூப்பிடலாம்.